வெளிச்சத் திருகு

ஜப்பானின் கமகுரா நகரப் புகைப்படக் குழுவுக்கு யுகாரியைக் கூட்டி வந்ததே சுமிரேதான். ஒரே பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். "ஞாயித்துக்கிழமை வீட்ல தூங்குறதுக்குப் பதிலா எங்ககூட வாயேன்" என்று கூப்பிட்டபோது, அவள் இப்படியொரு கேமராவோடு வந்து நிற்பாள் என்று சுமிரே கனவிலும் நினைக்கவில்லை.

பார்வைக்கு அந்தக் காலத்து ஃபிலிம் கேமராவேதான். கறுப்புத் தோல், வெள்ளி விளிம்பு, மேலே மூன்று திருகுகள். உள்ளே மட்டும் புத்தம்புது டிஜிட்டல், விலை உயர்ந்த பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார். கோயில் படிக்கட்டில் கொத்துக் கொத்தாய்ப் பூத்த அஜிசாய்ப் பூக்களை எடுக்க வந்தவர்கள் பூவை விட்டுவிட்டு யுகாரியைச் சுற்றி நின்றார்கள்.

"இதைப் பிடிச்சாலே கைக்கு ஒரு மரியாதை வந்துடுதுங்க!" என்றார் குழுத் தலைவர் ஓபாதா. பிறகு சுமிரேயின் பக்கம் திரும்பி, "உங்க சின்னது இன்னும் ஓடுதா?" என்றார்.

சுமிரேயின் மிரர்லெஸ் கேமரா உள்ளங்கையில் அடங்கும். போன வருடம்வரை அதன் லேசான எடையைப் பாராட்டிய அதே வாய். "ஓடுதுங்க" என்று சிரித்துவிட்டு அதைப் பைக்குள் தள்ளினாள்.

தூறல் விழுந்தது. "கொஞ்சம் பிடி, சட்டையை மாட்டிக்கிறேன்" என்று யுகாரி கேமராவை நீட்டிவிட்டு மழைச்சட்டைக்குள் தலையை நுழைத்தாள். சுமிரேயின் கட்டைவிரல், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்சத் திருகின்மேல் இருந்தது. டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு நிலையாக நகர்ந்த அந்தச் சுகம்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டும் பக்கமாகக் கடைசிவரை திருகிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இனி எல்லாப் படமும் வெளுத்துப் போகும்.

மாதக் கடைசியில், நகர மன்றத்தில் எல்லோருடைய படங்களையும் சுவரில் ஒட்டினார்கள். ஓபாதா யுகாரியின் படத்துக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. பூக்களெல்லாம் வெண்மையில் கரைந்து, ஒரு நீலக் குடை மட்டும் மிதந்தது.

"புதுசா வந்தவங்களுக்கு இவ்வளவு துணிச்சலா!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கேமரா திரையில பாத்தப்பவே வெள்ளையா இருந்துச்சு. ஏனோ பிடிச்சுப் போச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்றாள் யுகாரி கூச்சத்தோடு.

சுமிரேயால் தாங்க முடியவில்லை.

"வெளிச்சத் திருகைத் திருகி வெச்சது நான்தான். அந்தப் படத்துல பாதி என்னோடது."

கைதட்டல் நின்றது. சொன்ன பிறகுதான், எதை ஒப்புக்கொண்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. யுகாரி படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, நோயாளிகள் வருவதற்கு முன், சுமிரே மேசையருகே தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"திருகினதைக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றாள் யுகாரி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "படத்துல பங்கு கேட்டீங்க பாருங்க, மிதோரிகாவா-சான், அதைத்தான் மன்னிக்க முடியல."

பன்னிரண்டு வருடத்தில் யுகாரி அவளைக் குடும்பப் பெயரும் மரியாதையுமாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுமிரே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. அந்தக் குடைப் படத்தைத் தானே எடுத்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.