ஒட்டுகிற கட்டை

பத்து வருடமாகக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பத்து வருடமும் அடுத்தவர் பாட்டுதான். அதனால் பாம்பன் மாதா கோயில் பேண்டு மாஸ்டர் இமானுவேல், "திருவிழாச் சப்பரத்துக்கு உன் மெட்டு ஒண்ணு குடு நாகஜோதி" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னிடம் இருந்ததே ஒரு மெட்டுதான். அதைக் கீபோர்டில் வாசித்து, மிடி கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மிடியில் சத்தம் இருக்காது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன், எப்போது விட்டேன் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். எனக்கு நோட்டேஷன் எழுத வராது. மாஸ்டரின் ஆட்களோ காகிதத்தில் நோட்டேஷன் இல்லாமல் ஒரு சுரம் ஊத மாட்டார்கள். மாஸ்டரின் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் மிடியை வாங்கிக்கொண்டு நோட்டேஷனாகக் கொடுத்துவிடும்.

மறுநாள் அவர் அதே மென்பொருளிலிருந்து ஒரு மிடியைத் திருப்பி அனுப்பினார். "சுத்தம் பண்ணிட்டேன், கேட்டுப் பாரு." கேட்டேன். சுரமெல்லாம் சரிதான். ஆனால் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. என் மெட்டில் அடிக்கடி ஓர் இழுப்பு வரும். அதுதான் மெட்டுக்கே உயிர் என்று எனக்கு ஒரு கர்வம். அந்த இழுப்பைக் காணோம். பல்லைக் கடித்துக்கொண்டு பாம்பனுக்கு பஸ் ஏறினேன்.

"யாரக் கேட்டு மாஸ்டர் இழுப்ப எடுத்தீங்க?"

மாஸ்டர் என் கோப்பை அப்படியே மறுபடி திறந்து காட்டினார். திரை முழுக்கப் பொடிப் பொடிக் குறிகள், நண்டு ஊர்ந்த மணல் மாதிரி.

"இத எவன் வாசிப்பான்? அதான் இம்போர்ட் பண்றப்பவே தாளத்தோட சேத்து நேராக்கச் சொன்னேன். இங்கன பாரு, இழுப்பு வர்ற எடமெல்லாம் ஒரே சுரம். ஒன் கீபோர்டுல அந்தக் கட்டை ஒட்டுதா?"

ஒட்டும்தான். புதுமடத்துக் கடற்கரைக் கச்சேரியில் மணல் புகுந்ததிலிருந்து அழுத்தினால் மெதுவாகத்தான் எழும்பும். அது எழும்பும்வரை காத்திருக்க விரல் பழகிவிட்டது. பழுதைப் போய் என் பாணி என்று நினைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நேராவே இருக்கட்டும் மாஸ்டர்."

அன்று சப்பரம் தூக்குகிறவர்களுக்கும் ஒத்திகை. வெறும் சப்பரத்தை எட்டுப் பேர் தூக்க, பேண்டு நேராக்கிய மெட்டை ஊதியது. இரண்டாவது சுற்றில், முன்னால் தூக்கியிருந்த பெரியவர் சூசை கத்தினார்.

"ஏலே இமானுவேல், தோள் மாத்த எடமே இல்லாம ஊதுறீகளேடா! மாதாவ ஏத்தி வச்சா நாங்க செத்தோம்!"

மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் உள்ளே ஓடினோம். மற்ற சுரங்களை நேராகவே விட்டுவிட்டு, அந்த ஒரு சுரத்தை மட்டும் வரும் இடமெல்லாம் கையால் நீட்டினார். அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தோம்.

பேண்டு மறுபடி ஊதியது. இழுப்பு வந்த இடத்தில் எட்டுப் பேரும் "மரியே!" என்று ஒரே மூச்சில் தோள் மாற்றினார்கள். சப்பரம் குலுங்கவே இல்லை.

"யாருடா இந்த மெட்டப் போட்டது?" என்றார் சூசை. "சப்பரம் தூக்கிப் பழகுன ஆளாத்தான் இருக்கணும்."

"இந்தா நிக்கிது. உச்சிப்புளிப் பக்கம் மொளகாக் காட்டுக்காரவுக பொண்ணு" என்றார் மாஸ்டர். சூசை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாதா தெருவில் வந்தார். இருபது பேர் என் மெட்டை ஊத, நான் கூட்டத்தோடு கூட்டமாக அழுதுகொண்டு நின்றேன். இழுப்பு வந்தது, தோள்கள் மாறின. கீபோர்டு வீட்டில் இருந்தது. என் நடுவிரல் மட்டும், கட்டை எழும்பட்டும் என்று காத்திருந்தது.