ஐந்தாம் பாகத்தின் ஓரத்தில் பொன்மணி எழுதியது

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பொன்மணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் புத்தகத்தின் ஓரத்தில் நீலப் பேனாவால் எழுதிய பதினொரு வரிகள், சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்தப் புத்தகத்தின் எல்லாப் பிரதிகளிலும் வந்துவிட்டன. பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் பிரிக்காமல் கட்டி வைத்திருந்த பிரதிகளிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்துப் படிக்கப்பட்ட பிரதியிலும், மதுரைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸின் பைக்குள் கிடந்ததிலும் அதே பக்கங்கள், அதே கையெழுத்து, அதே நீலம். மை காய்ந்துதான் இருந்தது.

புத்தகத்தின் பெயர் 'தொட்டால் அவுட்'. செண்பகத்தோப்பு அணி என்று கற்பனையாக ஒரு கபடி அணி. பாகத்துக்கு ஒரு வீரன், அவனுக்கு ஒரு காதல். முதல் நான்கு பாகங்களையும் பொன்மணி மும்மூன்று தடவை படித்திருந்தாள். சிரிப்பு வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். கட்டில் வரும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் படித்தாள். அதிலெல்லாம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் பாகத்தில்தான் முதன்முதலாக ஓர் ஆட்டக்காரி வந்தாள், பவித்ரா என்று. மாநில அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் காதலன் அவள் நெற்றியில் முத்தமிட்டு, இனி நீ என்னை நோக்கி மட்டும் ஓடி வந்தால் போதும் என்றான். அவள் அழுதுகொண்டே ஆட்டத்தை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் மாவட்ட அணிக்கு ஆடிய பொன்மணி அந்தப் பக்கத்திலிருந்து புத்தகத்தை மறுபடி முதலுக்குத் திருப்பினாள். அப்போதுதான் பேனாவை எடுத்தாள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில், "எதிர்ப்பக்கம் நாலு பேர்தான் நிக்காங்க, ஆறு பேராவது இல்லாம போனஸ் பாயிண்ட் எப்படி வரும்? ஆட்டம் தெரியாதவ எதுக்கு எழுதுதா?" என்று இருந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில், "இப்படியா முத்தம் குடுப்பான்? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், டீ ஆறிருச்சான்னு பாக்க மாதிரி." இருநூற்று மூன்றாம் பக்கத்தில் எழுத்து தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியிருந்தது. "இவன் காதலன் இல்ல, களவாணி. எங்க வீட்டுலயும் ஒருத்தர் என் மாவட்ட ஜெர்சிய எடுத்து பைக் தொடச்சாரு. பத்தொம்பது வருசமா எனக்கு ஆறல."

கம்பெனியில் எல்லாப் பெட்டிகளுக்கும் சீட்டு எழுதுகிறவள் அவள்தான் என்பதால், திங்கட்கிழமை காலையிலேயே கையெழுத்து யாருடையது என்று தெரிந்துபோனது. பொன்மணியின் கணவர் வேல்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று மில்லில் செக்யூரிட்டியாக இருந்தார். டீக்கடையில் ஒருவர் எண்பத்தெட்டாம் பக்கம் என்று சொல்லி, அவரைப் பார்த்துக்கொண்டே டம்ளரை ஊதினார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேல்சாமி நேராகப் புத்தகக் கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கி, நின்ற இடத்திலேயே எண்பத்தெட்டாம் பக்கத்தைப் படித்தார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைச் சுவரில் எறிந்தார்.

"ஊரு பூரா என்னைய நாறடிச்சிட்டியேட்டி."

"நான் ஊருக்கா எழுதினேன்? என் புஸ்தகத்துல எழுதினேன். மிச்சத்தையும் படிங்க. அந்த ஒரு பக்கம் மட்டும் சுடுதாக்கும்?"

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் டவுன் பஸ் பிடித்து வந்து மதிய இடைவேளையில் கம்பெனி வாசலில் நின்றார். மடவார் வளாகத்தில் குடியிருந்து, கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடிக்கும் சுடலைமாடத்தி. வேறு பெயரில் 'தொட்டால் அவுட்' எழுதுகிறவர் அவர்தான். பதிப்பாளர் அவரைப் போனில் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்.

"எம் புஸ்தகத்துல கிறுக்குதுக்கு நீங்க யாரு?" என்றார் சுடலைமாடத்தி.

"அவளை எதுக்கு ஆட்டத்தை விட வச்சிய?"

"காதலுக்காக விடுதா. படிச்சவுக எம்புட்டுப் பேரு அழுதாக தெரியுமா?"

"அவன் அவளுக்காக எதை விட்டான்? மீசையக் கூட எடுக்கல. நாலு பாகமா ஆம்பளை ஒவ்வொருத்தனும் காதலிச்சான், கப்பும் வாங்கினான். பொம்பளைக்கு மட்டும் ரெண்டுல ஒண்ணா? சிரிக்க வச்சிய, கட்டில்ல உருள வச்சிய, சந்தோசமாப் படிச்சேன். நீங்களும் கடைசில எங்க மாமியா பேசுனதத்தான எழுதியிருக்கிய!"

கேட் அருகே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். சுடலைமாடத்தியின் முகம் சிவந்தது. "நீங்க எழுதிப் பாருங்க, தெரியும்," என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலையும் மறந்து பஸ் ஏறிப் போனார்.

வேல்சாமி இருநூற்று மூன்றாம் பக்கத்துக்கு வந்து சேர இருபது நாள் ஆனது. படித்துவிட்டு ரொம்ப நேரம் பைக் அருகில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து, "ஒரு துணிக்கா இம்புட்டு?" என்று கேட்டார்.

"துணியா அது?" என்றாள் பொன்மணி. அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவர் தன் பிரதியில், அவள் எழுதியதற்குக் கீழே, பட்டாளத்து எழுத்தில், "தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன். நீ மாநில அணித் தேர்வுக்குப் போய்விடுவாய் என்று பயம். தப்பு" என்று எழுதி, டிவி மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அந்த வரி வேறு எந்தப் பிரதியிலும் வரவில்லை. பொன்மணி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அதற்குக் கீழே, "பத்தொம்பது வருசம் லேட்டு" என்று எழுதினாள். அது மட்டும் எல்லாப் பிரதிகளிலும் வந்தது. நடுவில் நான்கு விரல் அகலம் வெறுமையாக இருந்ததால், யார் எதற்கு லேட் என்று இரண்டு ஊர்களிலும் பலர் குழம்பினார்கள். வீட்டில் பேச்சு திரும்பியது. பைக்கை அதன் பிறகு வேல்சாமி வெறுங்கையால்தான் துடைத்தார். அதற்காக அவள் அவரை மன்னித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அடுத்த வருடம் ஆறாம் பாகம் வந்தது. பவித்ரா அதில் மறுபடியும் களத்தில் இறங்கினாள். காதலன் கேலரியில் குழந்தையை வைத்துக்கொண்டு விசிலடித்தான். பதிப்பாளரே கேட்டும் சுடலைமாடத்தி அந்த இடத்தை மாற்றவில்லையாம். ஆனாலும் போனஸ் கணக்கு மறுபடி தப்பு என்று கேள்வி. பேருந்து நிலையத்துக் கடைக்குப் புத்தகம் வாங்க வந்த பெண்கள், பிரித்துப் பார்த்து, ஓரம் வெறுமையாக இருந்தால் திருப்பிக் கொடுத்தார்கள்.

"பொன்மணி அக்கா நூத்து நாப்பதாம் பக்கத்துலதான் இருக்காக. கம்பெனில இப்ப ஓவர்டைம் வேற," என்றார் கடைக்காரர். "வெசாழக்கிழம வாங்க."

அவர்களும் சரியென்று போனார்கள்.