சகலையின் கூடாரம்

மலைப் பூங்காவின் முகாமில் தையல்காரர் தன் கூடாரத்தோடு ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சகலை பத்தே நிமிடத்தில் கூடாரம் அடித்து, அடுப்பையும் பற்றவைத்துவிட்டார்.

"அக்கா வீட்டுக்காரர் கை வெச்சா எதுவும் சுலபம்தான்," என்றாள் தையல்காரரின் மனைவி. அவருக்கு வயிறு எரிந்தது.

மதியம் அடித்த காற்றில் சகலையின் கூடாரம் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. தையல்காரருக்கு உள்ளூர இனித்தது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சகலை, உங்கள விட்டா ஆளில்ல," என்று கூடாரத்துக்காரச் சகலையே வந்து நின்றார்.

தையல்காரர் ஊசியும் நூலும் எடுத்து, ஒரு சொட்டுகூட இறங்காதபடி இரட்டைத் தையல் போட்டார். இன்றைக்காவது நம் பேர் அடிபடும் என்று நினைத்தார்.

மழை வந்ததும் பக்கத்துக் கூடாரக்காரர்களும் சகலையின் கூடாரத்திலேயே ஒதுங்கினார்கள். காற்று எப்படிச் சீறியது, தான் எப்படிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார் என்று சகலை நடித்தே காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்புறம் நம்ம சகலை ரெண்டு தையல் போட்டாரு," என்று கதையை முடித்தார்.

"ரெண்டு இல்ல, நாப்பத்தாறு," என்றார் தையல்காரர். அந்தச் சிரிப்பில் அது அவர் மனைவிக்குக்கூடக் கேட்கவில்லை.