எண்கள் மட்டும் தெரிந்த தாள்

தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது டிகிரியைக் காட்டியதும் அவளுடைய கை சில்லிட்டுப் போயிற்று. மடியில் கிடந்த நாத்தனாரின் மகன் அனலாய்க் கொதித்தான். வயது மூன்று. வீட்டில் எல்லோருக்கும் வாண்டு. காலையில் மேசை மேல் ஏறிக் குதித்த பிள்ளை, மதியம் இரண்டு மணிக்கு வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தான்.

காய்ச்சலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஏறினால் இவனுக்கு இழுப்பு வரும். போன வருஷம் ஒரு தடவை வந்து, கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்ததாம். அதைச் சொல்லும்போதெல்லாம் நாத்தனாரின் குரல் பாதியில் நின்றுவிடும்.

அந்த நாத்தனார் இப்போது புருஷனோடு ஆகாயத்தில் இருந்தாள். புருஷனுடைய அப்பாவின் இதய ஆபரேஷனுக்காகக் கிளம்பியவர்கள் இறங்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை போன் போகாது.

கல்யாணமாகி நாலு மாசமாகியும் அவளைப் 'புதுப்பொண்ணு' என்றே கூப்பிடுகிறவள் நாத்தனார். ஒரு தம்ளர் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

அவள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

"என்ன மருந்து கொடுத்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"இன்னும் ஒண்ணும் கொடுக்கலைங்க. ரெண்டு பாட்டில் இருக்கு. எது எதுன்னு தெரியல."

"மேல எழுதியிருக்குமே?"

"லேபிள் இல்லைங்க. இவன் பிச்சுத் தின்னுடுவான்."

"தெரியாம எதையும் கொடுத்துடாதீங்க. ஈரத்துணியால துடைச்சுவிட்டு உடனே கூட்டிட்டு வாங்க."

டாக்சிக்குச் சொன்னாள். இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் இழுப்பு வந்துவிட்டால்?

வாண்டு எந்தக் காகிதத்தையும் விட்டுவைக்க மாட்டான். அதனால் நாத்தனார் பாட்டில்களின் லேபிளை உரித்துவிட்டு, கழுத்தில் ஒன்றுக்குச் சிவப்பு நூலும் மற்றதற்குப் பச்சை நூலும் கட்டியிருந்தாள். எது எதற்கு, எவ்வளவு என்று தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு தாள் அடித்துப் போன வாரமே போனுக்கு அனுப்பியும் விட்டாள். இருபது வருஷமாக டைப் அடிக்கிற கை. அவள் எதையும் வாயால் சொல்வதில்லை, தாளாகத்தான் கொடுப்பாள்.

"படிச்சிட்டியா?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"படிச்சிட்டேன் அண்ணி" என்று இவளும் சொன்னாள்.

திறந்துகூடப் பார்க்கவில்லை. நாலு வரிதானே, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனம்.

இப்போது திறந்தாள். ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தும் கொக்கியும் அரைப்புள்ளியுமாக, கோழி கிளறிய குப்பை போலத் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. மூடித் திறந்தாள். போனை அணைத்துப் போட்டாள். அதே குப்பை. அதற்கு நடுவே எண்கள் மட்டும் கல்லுப்போல நின்றன. மேலே ஒரு வரியில் 5. அடுத்த வரியில் 2.5, பக்கத்தில் 38.5.

புருஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தக் கட்டடத்தின் எந்தக் குழிக்குள் இருந்தானோ, மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வாண்டுவின் கால் ஒரு தரம் வெட்டி இழுத்தது. அவளுக்கு உயிரே போய் வந்தது. உற்றுப் பார்த்தாள். இல்லை, தூக்கத்தில் உதைத்திருக்கிறான்.

பயம் வந்தால் புத்தி குறுக்கு வழிதான் தேடும். சிவப்பு என்றால் அவசரம், அவசரம் என்றால் காய்ச்சல். முதலில் எழுதுவதும் அதைத்தானே? அப்படியென்றால் சிவப்பு, ஐந்து மில்லி. எடுத்து ஸ்பூனில் ஊற்றினாள். வாண்டுவை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"வேணாம் அத்தை" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என் தங்கம்ல, ஒரே வாய்."

ஸ்பூன் அவன் உதட்டைத் தொடும்போது போன் அலறியது. புருஷன்.

"என்னம்மா, ஆறு தடவை கூப்பிட்டிருக்கே? வீடு தீப்பிடிச்சிடுச்சா?"

அவள் அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். அவன் குரலிலிருந்த விளையாட்டு சட்டென்று வற்றியது.

"ஸ்பூனைக் கீழ வை. முதல்ல கீழ வை."

வைத்தாள்.

"அக்கா ஆபீஸ்ல இன்னும் அந்தக் காலத்து ஃபான்ட்லதான் அடிக்கிறாங்க. அது உன் போன்ல இல்ல, அதான் குப்பையாத் தெரியுது. எழுத்து எங்கேயும் போயிடல. தாளில இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணு. பழைய ஃபான்ட்டை மாத்துற பக்கம் நெட்ல இருக்கு, தேடி அதுல போடு. நான் இதோ கிளம்பிட்டேன்."

அவசரத்தில் மூன்று முறை தப்பான இடத்தில் அழுத்தினாள். ஒருவழியாக அந்தப் பக்கம் திறந்தது. குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டால், 'எந்த ஃபான்ட்?' என்று கேட்டது. கீழே பத்துப் பன்னிரண்டு பெயர்கள்.

"எதுங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணாப் போட்டுப் பாரேன்!"

முதல் பெயரைத் தொட்டாள். தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் ஒரு சொல்லும் வாயில் நிற்கவில்லை. இரண்டாவது இன்னும் மோசம். தப்பும் தமிழ் மாதிரியே தெரிந்ததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. சரியானது வந்தால் மட்டும் எப்படி நம்புவது?

அப்போதுதான் நினைவு வந்தது. பால் குடிக்கும் நேரத்தை எழுதினாலும் சரி, தூங்கும் நேரத்தை எழுதினாலும் சரி, நாத்தனார் உச்சியில் 'வாண்டுவுக்கு' என்று போடாமல் ஒரு தாளையும் தொடங்கியதில்லை.

அதன்பின் அவள் முதல் வரியை மட்டும் பார்த்தாள். மூன்றாவது பெயர் இல்லை. நான்காவது இல்லை. ஏழாவதைத் தொட்டதும் உச்சியில் 'வாண்டுவுக்கு' என்று நின்றது.

*சிவப்பு நூல்: சொறிக்கு. 5 சொட்டு, தோலில் மட்டும் தடவ. வாயில் படவே கூடாது.*

*பச்சை நூல்: காய்ச்சல் மருந்து. 2.5 மில்லி. 38.5-க்கு மேல் போனால் உடனே.*

கீழே இரண்டு மருந்துகளின் பெயரும் இருந்தன. 38.5 காய்ச்சலின் அளவுதான் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவள் மேசை மேலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். விளிம்பு வரை ததும்பி, அது பாட்டுக்குச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாண்டுவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், அவன் சிணுங்கும் வரை துடைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பேசி, பச்சை நூல் மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்துக் காட்டினாள். "கொடுங்க, கொடுத்துட்டுக் கிளம்பி வாங்க" என்றாள் நர்ஸ். வேறு ஸ்பூன் எடுத்தாள். இந்தத் தடவை வாண்டு முரண்டு பிடிக்கவில்லை. டாக்சி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் புருஷன் கிரீஸ் படிந்த சட்டையோடு நின்றிருந்தான். இழுப்பு வரவில்லை. டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். ஐந்து மணிக்கெல்லாம் வாண்டு அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் ஒரு மூலையைத் தின்றிருந்தான்.

விமானம் இறங்கியதும் நாத்தனாரின் அழைப்பு வந்தது.

"என்ன புதுப்பொண்ணு, என் பிள்ளை எப்படி இருக்கான்?"

நல்லா இருக்கான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். புருஷன்கூட வேண்டாம் என்று கண்ஜாடை காட்டினான். ஆனால் உதட்டருகே போன அந்த ஸ்பூன் அவள் தொண்டையில் அல்லவா சிக்கிக் கிடந்தது.

"அண்ணி, நான் அந்தத் தாளைப் படிக்கவே இல்ல. படிச்சேன்னு பொய் சொல்லிட்டேன். காய்ச்சல் வந்துச்சு. சிவப்பு நூலை ஸ்பூன்ல ஊத்தி வாய்கிட்ட கொண்டுபோயிட்டேன். உங்க தம்பி போன் வந்து…"

திட்டட்டும், இனி பிள்ளையைத் தொடாதே என்று சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"உள்ளே போச்சா?"

"இல்ல அண்ணி. ஒரு சொட்டுகூட இல்ல."

நீளமாக ஒரு மூச்சு.

"போன வருஷம் நான் தப்பான மருந்தைக் கொடுத்தே விட்டேன்" என்றாள் நாத்தனார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "லேபிள் இல்லாத பாட்டில், ஒரு ஸ்பூன் முழுசா. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில கிடந்தோம். உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது. அதுக்கப்புறம்தான் நூல் கட்டினேன், தாள் அடிச்சேன். உன் போன்ல அது தெரியுதான்னு நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தச் சிவப்பு நூல் பாட்டிலை முதல்ல பரண்ல தூக்கிப் போடு. போனை வைக்காதே, போட்டுட்டு வந்து சொல்லு."

"ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம் அண்ணி."

"அப்ப வீட்டுக்குப் போற வரைக்கும் பேசிக்கிட்டே இரு. எனக்குக் கை நடுங்குது."

"எனக்கும்தான் அண்ணி" என்றாள் அவள்.