புள்ளி விழாத தகடு

காலையில் எழுந்ததும் கெட்டிலைப் போடுகிறேன். ரொட்டியை வாட்டி, வெஜிமைட் தடவி, நின்றபடியே தின்கிறேன். இப்போதெல்லாம் சின்ன பால் பாட்டில்தான் வாங்குகிறேன். டிராமைப் பிடித்து ஆய்வகத்துக்குப் போகிறேன். கோட்டை மாட்டி, கையுறையில் ஸ்பிரிட் தெளித்து, இன்குபேட்டரைத் திறக்கிறேன். உள்ளே குடுவைகளில் மனிதச் செல்கள். அவற்றின் தீனி நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். மஞ்சளாகியிருந்தால் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று பொருள். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுகிறேன். கதவைச் சாத்துகிறேன்.

மேல் தட்டில் ஒரு குடுவை இருந்தது. அதை மட்டும் நான் தொடக்கூடாது. என் மனைவி டெல்லாவின் வயிற்றில் கோத்த நீரிலிருந்து எடுத்து வளர்த்த புற்றுச் செல்கள் அவை. வீட்டு மனிதரின் செல்களில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வக விதி. எனவே கோஸ்டா பார்த்துக்கொண்டான். என் பக்கத்து மேசைக்காரன்.

டெல்லா நகராட்சிக் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். அப்பா வழியில் அவளுக்குப் பழுதான ஒரு மரபணு வந்திருந்தது. அதனால் வயிற்றில் புற்றுக்கட்டி வந்து, அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோர் உடம்பிலும் டிஎன்ஏ அறுந்துகொண்டேதான் இருக்கிறது. பிளவுபடும் எண்ணமில்லாத செல், அறுந்த முனைகளைக் கைக்கு வந்தபடி ஒட்டிவிடும். அதில் மரபுச் செய்தியின் சில எழுத்துகள் போகும். பிளவுபடப் போகும் செல் அப்படியில்லை. முதலில் தன் டிஎன்ஏவுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஏதாவது அறுந்தால், பக்கத்திலிருக்கும் பிரதியைப் பார்த்துப் பிசகில்லாமல் தைத்துக்கொள்ளும். டெல்லாவின் கட்டிக்கு இந்த இரண்டாவது வழி தெரியாது. கட்டி வந்ததும் அதனால்தான், மாத்திரைக்கு அது அடங்கியதும் அதனால்தான். மாத்திரை டிஎன்ஏவை அறுந்துபோகவைக்கும். தைக்கத் தெரியாத கட்டி சாகும்.

சில கட்டிகள் அந்த வழியைத் திரும்பக் கற்றுக்கொள்வதுண்டு. அப்புறம் மாத்திரையால் பயனில்லை. டெல்லாவின் ஸ்கேனில் சந்தேகமாக ஒரு நிழல் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி நரம்பில் மருந்து ஏற்றலாமா என்று டாக்டர் யோசித்தார். குடுவைச் செல்களில் கோஸ்டா செய்யும் சோதனையின் முடிவு வரட்டும் என்றார்.

சோதனை இதுதான். செல்கள்மேல் கதிரைப் பாய்ச்சி டிஎன்ஏவை அறுக்க வேண்டும். பிரதியைப் பார்த்துத் தைக்கும் புரதம் அறுந்த இடங்களில் கூடும். சாயமிட்டுக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி விழுந்தால் கட்டிக்குத் தைக்கத் தெரிந்துவிட்டது.

விழவில்லை.

அன்று மாலை கோஸ்டா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய கோழி சூப், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்.

"ஒரு புள்ளி இல்ல டெல்லா. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"உன் கண்ணுல பூ விழுந்திருக்கும். முதல்ல கண்ணாடிய மாத்து."

"அடிப்பாவி! நல்ல சேதி கொண்டுவந்தவன்கிட்ட பேசற பேச்சா இது?"

"சரி சரி, சூப்ப ஊத்து. உங்கம்மா தெருவுல இருக்கற எலுமிச்சம்பழத்த எல்லாம் இதுலயே பிழிஞ்சுட்டாங்களா?"

சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டுக் குடித்தாள். மாத்திரை தொடர்ந்தது.

பிப்ரவரியில் கோடை முற்றும்போது அவள் வயிறு மறுபடி உப்பியது. கோஸ்டா எடுத்த படங்களைக் காட்டச் சொன்னேன். செல்களின் உட்கருக்கள் சின்னச் சின்னதாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன. பிளவுபடும் செல் ஒன்றுகூட இல்லை.

"இது எப்ப எடுத்தது?"

"கப் லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு."

மெல்போர்னில் நவம்பர் குதிரைப் பந்தயச் செவ்வாய்க்கு விடுமுறை, முந்தின திங்களையும் விட்டுவைக்க மாட்டோம். சனியிலிருந்தே ஆய்வகத்தில் ஈ காக்கை இருக்காது.

"தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"மஞ்சள். மாத்திட்டுத்தான் கதிர்ல வச்சேன்."

"சிவப்புச் சாயம் போட்டியா?"

"தீர்ந்துபோச்சு. வெளிநாட்டுலேர்ந்து வரணும்னாங்க. டாக்டர் அவசரப்பட்டாரு. இதுங்கதான் எப்பவும் குதிச்சுக்கிட்டுப் பிளக்குதுங்களேன்னு..."

பாதியில் நிறுத்தினான். அவனுக்கே புரிந்துவிட்டது. பிரதி எடுத்த செல்லை மட்டும் அந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கும். நெரிசலில் மாட்டிய செல்கள் பிரதி எடுப்பதற்கு முன்னாலேயே நின்றுவிடும். அப்படி நின்ற செல்லில் பச்சைப் புள்ளி விழவே விழாது. அது நல்ல செல்லாக இருந்தாலும் சரி, எனதாக இருந்தாலும் சரி. அந்தத் தகடு எங்களுக்கு எதையுமே சொல்லியிருக்கவில்லை.

கோஸ்டா ஸ்டூலில் உட்கார்ந்தான். "ரீஸ், நான் திரும்பப் பண்றேன்டா," என்றான்.

அப்போதே உறைய வைத்திருந்த டெல்லாவின் செல்களை எடுத்து, கலைத்துப் பரப்பி, வளரவிட்டு, சிவப்புச் சாயத்தோடு திரும்பச் செய்தான். சிவந்த ஒவ்வொரு உட்கருவிலும் பச்சைப் புள்ளிகள், கடுகைச் சிதறவிட்டது போல.

டெல்லா சோபாவில் படுத்திருந்தாள்.

"கட்டிக்குத் தைக்கத் தெரிஞ்சிருச்சு," என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"அப்பவே தெரிஞ்சிருக்கு. செல்லுங்க நெரிசல்ல நின்னுபோயிருந்ததால புள்ளி விழல."

"அப்ப இத்தன நாளா நான் முழுங்கினது?"

"சும்மா."

"வாந்தி எடுத்ததும் சும்மாவா?" மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோஸ்டா எப்படி இருக்கான்?" என்றாள்.

"யார்கிட்டயும் பேசறதில்ல."

"வரச் சொல்லு. சூப்பு இல்லாம வந்தா உள்ள விடாத."

அவன் இன்னொரு டப்பாவோடு வந்து வாசலிலேயே நின்றான். மூக்கு சிவந்திருந்தது.

"உள்ள வாடா. லீவுல எல்லாரும் ஊர் சுத்தத்தான் போனோம். நானும்தான் ஒரு நொண்டிக் குதிரை மேல பணத்தக் கட்டி விட்டேன்," என்றாள் டெல்லா.

அவன் சிரிக்கவில்லை. சூப்பை ஊற்றிக் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். உடம்பு தாங்கவில்லை, நிறுத்தினார்கள். முன்பே ஆரம்பித்திருந்தாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை நான் நம்புகிறேனா என்று கோஸ்டா ஒருமுறை கேட்டான். கைகழுவப் போய்விட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். கோஸ்டா என்னை ஓரமாக இழுத்துப்போனான்.

"கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"உன் மேல கோபமில்லன்னு சொன்னா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெகுநேரம் விடவில்லை.

அவள் அப்படிச் சொல்லவில்லை. கோபம் இருந்ததா என்று நான் கேட்டதுமில்லை. கடைசி மதியம் மருத்துவமனைக் கட்டிலில் கண்ணைத் திறக்காமலே என் பெயரைச் சொன்னாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கோஸ்டா அம்மாவோட டப்பா ரெண்டும் சிங்க்குக்குக் கீழ இருக்கு, குடுத்துடு. மூடிய மட்டும் மாத்திப் போட்டுடாத. பொருந்தற மாதிரியேதான் இருக்கும், ஆனா ஒழுகும்."