'வருக'வின் பின்பக்கம்

உலக நாடுகளெல்லாம் ஓடவும் தாண்டவும் நீந்தவும் நகரத்துக்கு வரப்போகின்றன என்று அறிவிப்பு வந்ததிலிருந்து பேனர்காரரின் கால் தரையில் பாவவில்லை. வரவேற்புத் துணி கட்டும் வேலை அவருக்குத்தான். "என்னைக் கேக்காம போட்டியையே தொடங்க மாட்டாங்க" என்று அக்காவிடம் அளந்துவிட்டிருந்தார். அக்காவும் நம்பினாள். நெடுந்தூர ஓட்டம் அவளுடைய இஸ்திரிக் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. வாசலில் நின்று பார்க்கலாம் என்று வாடிக்கைக்காரர்களையெல்லாம் அழைத்து, கடைக்கு வெள்ளையும் அடித்துவிட்டாள்.

பாதையைப் பார்வையிட வந்த அதிகாரி காரைவிட்டு இறங்காமலே, "இந்தத் தெரு எப்படி?" என்று கேட்டார். பேனர்காரரிடம் ஓர் அதிகாரி அபிப்பிராயம் கேட்டது அதுவே முதல் தடவை.

"பார்க்கவே சகிக்கல சார். துணி கட்டி மறைச்சிடலாம்."

அக்காவின் கடையும் அதே தெருவில்தான் என்பதை அப்போது மறந்துவிட்டார் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். மறக்கவில்லை.

ஏணியில் ஏறி அவரே கட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அக்கா.

"நீ என்னடா பண்ணுவே, மேலே இருக்கறவன் சொன்னா கட்டித்தானே ஆகணும். எந்தப் புண்ணியவான் குடுத்த யோசனையோ, விளங்குவானா அவன்?"

பல்லில் கவ்வியிருந்த கயிறு, நல்லவேளையாக, பதில் சொல்ல விடவில்லை.

வெயில் பட்டதும் 'வருக' பின்பக்கத்தில் இடவலம் மாறித் தெரிந்தது. அக்கா எழுத்துக்கூட்டினாள். "க... ரு... வ. ஒரு 'ம்' விட்டுப்போச்சுடா. கருவம் புடிச்ச ஊருக்குப் பொருத்தமா இருந்திருக்கும்."

துணி காற்றில் கிழியாமலிருக்க அங்கங்கே பிறைபோல் கீறிவிடுவது தொழில் வழக்கம். ஒரு கீறலை அக்காவின் கண் உயரத்துக்கு வைத்தார்.

"இது வழியா பாருக்கா."

"என் தம்பி தங்கம்டா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஓட்டத்தன்று கீறலில் அக்காவின் கண் ஒட்டியிருந்தது. வெளியே, பக்கத்திலேயே பேனர்காரர். ஓட்டக்காரர்களுக்கு முன்னால் அதிகாரியின் கார் ஊர்ந்து வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"நல்ல யோசனை சொன்னீங்க. மறைக்கலேன்னா இந்தத் தெரு மானத்தை வாங்கியிருக்கும்."

கைகள் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டன.

கார் போனதும் திரும்பிப் பார்த்தார். கீறலில் கண் இல்லை. ஓட்டக்காரர்கள் வந்தார்கள், எதிர்ப்பக்கம் கைதட்டல் அதிர்ந்தது.

குனிந்து கீறலில் வாயை வைத்தார்.

"அக்கா... நான்தான்..."

உள்ளேயிருந்து, விட்டுப்போன அந்த ஓர் எழுத்து மட்டும் வந்தது.

"ம்."