யுவ வருடத்துக் கும்மி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இன்னும் கௌரவமான காரணம் கிடைக்குமா என்று மூன்று பக்கம் எழுதிப் பார்த்தாயிற்று. பழைய புத்தகங்கள் மேல் உள்ள அன்பு, அழிந்துபோகிறதே என்ற கவலை, அப்படி இப்படி. எல்லாவற்றையும் அடித்தாயிற்று. ஒருத்தியிடம் ஒரு புத்தகம் இருந்தது, இன்னொருத்தியிடம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

எங்கிருந்து தொடங்குவது?

"சிலாங்கூர் ஆறு கடலைத் தொடும் இடத்தில்..." (வேண்டாம். ஆற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

"மோகனா பொறாமைக்காரி இல்லை." (முதல் வரியிலேயே பொய்.)

"மோகனா பழைய பேப்பர் கடையில் வேலை செய்கிறாள்." இது நிற்கட்டும்.

2

கடை, கோலசிலாங்கூரிலிருந்து பாசிர் பெனம்பாங் போகும் வழியில் இருக்கிறது. லோரி வந்து பேப்பரைக் கொட்டும். அட்டை ஒரு பக்கம், நாளிதழ் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம் என்று பிரிப்பது மோகனாவின் வேலை. தமிழ்ப் புத்தகம் எது வந்தாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் கடை முதலாளி தவுக்கே. நான்கு வருடத்தில் முப்பத்தொரு பழைய புத்தகம் சேர்ந்தது.

பாதிக்கு முதல் பக்கம் இல்லை. கறையான் எப்போதும் முன்னுரையிலிருந்துதான் வாசிக்கத் தொடங்கும். எழுதியது யார், அச்சிட்டது எங்கே என்று தெரியாத புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு, தாளின் நிறத்தையும் எழுத்தின் வடிவத்தையும் பார்த்து வயதை ஊகிக்கப் பழகினாள். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளுக்கு இந்த ஒரு பாடத்தில் யாரும் மதிப்பெண் போடவில்லை. அதனால் அவள் தோற்கவும் இல்லை.

முழுதாக இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு தோட்டப் பள்ளியின் முத்திரை குத்திய, 1951ஆம் ஆண்டு வாசகப் புத்தகம்.

3

இந்த இடத்தில் கெய்ட்லின் வரவேண்டும். அவளை எழுதுவதுதான் கஷ்டம்.

"கெய்ட்லின் ஏளனமாகச் சிரித்த..." (சிரிக்கவில்லை. அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.)

"பணக்கார வீட்டுப் பிள்ளையான கெய்ட்லின்..." (அவள் அப்பா லியோனார்ட், லோரி ஓட்டுகிறவர்.)

அவளைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை தானே ஓடும். ஆனால் அவள் வரும்போதெல்லாம் மோகனாவுக்குத் தின்னக் கறிபாப் வாங்கி வருகிறவள். முதல் படிவத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். மோகனா பள்ளிக்கு வராமல் நின்றபோது, ஏன் என்று கேட்டு வீட்டுக்கு வந்த ஒரே ஆள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முதலில் வெள்ளைக்கார துரைமார் எழுதிய ஆங்கிலப் புத்தகங்களைச் சேர்த்தாள். போன வருடம் தமிழுக்கு வந்தாள், அதுவும் மோகனாவின் புத்தகப் பெட்டியைப் பார்த்த பிறகு.

மோகனாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் நான்கு வருடம் தூசி தின்று சேர்த்ததை, கெய்ட்லின் நான்கு சனிக்கிழமையில் சேர்த்துவிட்டாள். காரை எடுத்துக்கொண்டு போனாள், சிரித்த முகத்தோடு கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். கேட்பது என்பது மோகனாவுக்கு வராத காரியம்.*

\* கடைக்கு வருகிறவர்களிடம் "தமிழ்ப் புத்தகம் இருக்கா?" என்று கேட்கப் பல நாள் வாய் வரை வந்திருக்கிறது. வாயிலேயே நின்றுவிடும்.

4

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. கெய்ட்லின் கையில் பதினாறு பக்கத்தில், நூலால் தைத்த ஒரு சிறு புத்தகம். "ஆற்று வெள்ளக் கும்மி."

"கலும்பாங் பக்கம் ஒரு எஸ்டேட் கோயில். ஸ்டோர் ரூம்ல கெடந்துச்சு. கோயில பாத்துக்கிற செல்லன் அங்கிள் 'எடுத்துக்கம்மா, எலி கடிக்கப் போவுது'ன்னு குடுத்துட்டாரு," என்றாள்.

மோகனா தொடவில்லை. கையைச் சட்டையில் துடைத்தாள்.

"ரொம்ப ஓல்டுன்னு நெனச்சு ஹேப்பியா வந்தேன். பாத்தா இயர் நம்பரே இல்ல. யுவ வருஷம்னு மட்டும் போட்டிருக்கு. போன்ல தேடுனேன். நைன்டீன் நைன்டி ஃபைவாம். எங்க அம்மா கல்யாணம் பண்ண வருஷம் லா."

மோகனா குனிந்து தாளைப் பார்த்தாள்.

"இந்த 'லை' எழுத்த பாரேன், யானை தும்பிக்கை மாதிரி. ஸ்டைலா போட்டிருக்காங்க, இல்ல?"

கோயிலில் ஐயர் வருடப் பெயர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் மோகனா. அறுபது பெயர்கள்தான், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். 1995க்கு முந்திய யுவ, 1935. அந்தத் தாளையும், அந்தக் காலத்துத் தும்பிக்கை லையையும் பார்த்தால், எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"நைன்டி ஃபைவ்தானே? நீ சொன்னா கரெக்டா இருக்கும்," என்றாள் கெய்ட்லின்.

(இந்த இடத்தை ஒன்பது முறை எழுதியாயிற்று. ஒன்பது முறையும் மோகனா அதையேதான் சொல்கிறாள்.)

"ஆமா."

"அப்ப எனக்கு எதுக்கு? ஒன்னோட அந்த ஸ்கூல் புக்க குடேன், இத நீ வச்சுக்க. கும்மில்லாம் ஒனக்குத்தான் புரியும்."

மோகனா உள்ளே போய் 1951ஐ எடுத்துவந்து கொடுத்தாள். கெய்ட்லின் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

5

இங்கே முடித்திருக்கலாம். பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். வாசகரே, அப்படித்தான் எழுதுகிறவளும் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தாள். அட்டையின் உள்பக்கத்தில் இப்படி இருந்தது: "இயற்றியவர், பால்மரம் வெட்டும் வீராயி."

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற ஒருத்தி, ஆற்று வெள்ளத்தில் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததைப் பாட்டாகக் கட்டியிருக்கிறாள். எந்த வீட்டில் எந்தப் பானை மிதந்தது என்பது வரை சொல்கிறாள். வெள்ளத்துக்குப் பயந்து வேலை வாங்கும் மண்டோர் கூரைமேல் ஏறியதைக் கிண்டல் செய்கிறாள். கீழே தன் பெயரைப் போட்டிருக்கிறாள், ஒளிக்காமல்.

இப்போது மோகனாவுக்குச் செத்துப்போனவள்மேல் பொறாமை. வெள்ளம் வடிந்த சேற்றில் நடந்து போய், "என் பாட்டை அச்சடிக்க வேண்டும்" என்று யாரோ ஒருவரிடம் வீராயி கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறாள். மோகனாவின் நோட்டுகளோ அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கின்றன, அவற்றில் நான் என்ன எழுதி... (இந்த வாக்கியம் வேண்டாம்.)

அடுத்த வாரம் கடைக்கு வந்த கெய்ட்லின் தன் நண்பர்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பழைய தமிழ் புக் எதுன்னாலும் மோகனாட்ட கேளுங்க. அவ சொன்னா சொன்னதுதான்."

அன்று வாங்கி வந்த கறிபாப்பை மோகனா பிரித்த பேப்பர்மேல் அப்படியே வைத்துவிட்டாள்.

6

முடிவுகள்.

ஒன்று: மோகனா உண்மையைச் சொல்கிறாள். புத்தகங்கள் கை மாறுகின்றன. நியாயமான முடிவு. எழுதிப் பார்த்தபோது அவள் வாயே திறக்கவில்லை.

இரண்டு: அவள் சொல்வதில்லை, கெய்ட்லினுக்குத் தெரியவருவதும் இல்லை. ஐந்து வாரமாக இந்த முடிவுதான் நடந்துகொண்டிருக்கிறது. இதில் மோகனாவிடம் புத்தகம் இருக்கிறது. அதை யாரிடமும் காட்ட முடியாது.

மூன்று: வாசகரிடம் விட்டுவிடுவது. எல்லாரும் செய்கிற தந்திரம்தான். ஆனால் இந்தக் கதைக்கு வாசகர் ஒரே ஒரு ஆள்.

கெய்ட்லின், நீ தமிழ் மெதுவாக வாசிப்பாய். அதனால்தான் இதில் வாக்கியங்கள் சின்னதாக இருக்கின்றன. சனிக்கிழமை நீ வரும்போது, கடை மேசைமேல் இந்த நோட்டு இருக்கும். அடியில் கும்மி. மோகனா பின்பக்கம் பேப்பர் பிரித்துக்கொண்டிருப்பாள், முன்னால் வர மாட்டாள்.

கும்மியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அது உன்னுடையது, வயது எண்பதுக்கு மேல். நோட்டை மூடி அங்கேயே வைத்துவிடலாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். எது செய்தாலும் அதுதான் முடிவு. எழுதுகிறவள் திருத்த மாட்டாள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால், மோகனா வருவாள். கூப்பிடாவிட்டால்...